பி20 மோல்டுக்கு எந்த ராடு?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர் கேட்டிருப்பது: பிளாஸ்டிக் டப்பா மூடி ஊற்றும் பி20 (மோல்டு செய்யும் ஒரு வகை எஃகு) மோல்டில், கேவிட்டியின் (பிளாஸ்டிக் நிரம்பும் குழியின்) பார்ட்டிங் லைன் ஓரம், அதாவது மோல்டின் இரு பாதிகளும் சேரும் ஓரம், 2 மி.மீ. ஆழத்துக்கு உடைந்துவிட்டது. வெல்டர் 70எஸ்-6 ராடு (நிரப்பும் கம்பி) வைத்து டிக் (TIG) வெல்டிங்கில் நிரப்பிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் அதே இடத்தில் மூடியில் பிசிறு வருகிறது. பாலிஷ் போட்ட முகத்திலும் வெல்டைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு கோடு தெரிகிறது. இன்னொருவர் 309 ஸ்டெயின்லெஸ் ராடு போடச் சொல்கிறார். எதைப் போடுவது?

இரண்டுமே வேண்டாம். பி20 ராடுதான் போட வேண்டும். ஆனால் ராடை மட்டும் மாற்றினால் பிசிறு வருவது நின்றுவிடும், வளையம் போகாது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பிசிறுக்குக் காரணம் ராடு. 70எஸ்-6 மைல்டு ஸ்டீலுக்கான கம்பி. பி20 கட்டையோ ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 28 முதல் 34 வரை கடினமானது. ஒவ்வொரு ஷாட்டிலும் மெஷின் இறுக்கும்போது அந்த மெத்தென்ற ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிவிடும்.

309-உம் இதே மாதிரி மெத்துதான். சூடேறினால் பி20-ஐவிட அதிகமாக விரியவும் செய்யும். உருக்காலை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, சேலத்தில் ஸ்டெயின்லெஸ் என்றாலே ஒரு நம்பிக்கை. துருப்பிடிக்காது என்பது மட்டும் பார்ட்டிங் லைனுக்குப் போதாது.

வளையத்துக்குக் காரணம் சூடு. பி20-இல் கார்பன் 0.35 முதல் 0.4 சதவீதம். குளிர்ந்த கட்டையில் வெல்டு வைத்தால், ஓரத்துச் சூட்டைக் கட்டை ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கியெடுத்த மாதிரி அந்த விளிம்பின் கடினம் மட்டும் ராக்வெல் 50-ஐ ஒட்டிப் போய்விடும். பாலிஷ் கல் மெத்தான இடத்தைச் சீக்கிரம் தின்னும், கடினமான இடத்தை விட்டுவிடும். நீங்கள் பார்க்கும் கோடு அந்த மேடுதான். எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் திரும்ப வரும், விரிசல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பழைய வெல்டு முழுக்கப் போக வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லை தெரியாது. ஆல்கஹாலில் 3 முதல் 5 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்து பஞ்சால் தடவினால், வெல்டும் கடினப்பட்ட வளையமும் தனி நிறத்தில் தெரியும் (காற்றோட்டமான இடம், கையுறை கட்டாயம்). அந்த நிறம் மறையும்வரை அரையுங்கள். அடியில் கூர்மூலை விடாமல் யு வடிவில் எடுத்து, டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டு விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அசிட்டோனில் துடையுங்கள். நைட்ரைடிங்கோ (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றிக் கடினப்படுத்துவது) குரோம் பூச்சோ இருந்தால் அந்த இடத்தில் அதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டு முழுக்க ஊசித்துளை விழும்.

ப்ரீஹீட், அதாவது வெல்டுக்கு முன் கட்டையைச் சூடாக்குவது, 200 முதல் 250 டிகிரி செல்சியஸ். அவனில் (சூட்டு அடுப்பில்) வைப்பதே நல்லது, ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். கூலிங் துளைத் தண்ணீரை ஊதி வெளியேற்றி, ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) கழற்றிய பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். அளப்பதற்கு டெம்பரேச்சர் சாக் (குறிப்பிட்ட சூட்டில் உருகும் சாக்பீஸ்) போதும். இன்ஃப்ராரெட் துப்பாக்கி பளபளக்கும் முகத்தில் பொய் சொல்லும், உண்மைச் சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

ராடு 1 அல்லது 1.2 மி.மீ., கரண்ட் 80 ஆம்பியருக்குள். ஆர்க்கைக் கேவிட்டி முகத்தில் உரசித் தொடங்காதீர்கள், அந்த ஒரு புள்ளியும் தழும்பாக நிற்கும். ஓரம் வழியாமல் இருக்க ஒரு செம்புப் பட்டையை அணைத்து வையுங்கள். குட்டிக் குட்டி பீடாக (வெல்டு வரியாக) வையுங்கள், முடிக்கும்போது கரண்டைப் படிப்படியாகக் குறையுங்கள். சட்டென்று நிறுத்தினால் வெல்டு முடியும் இடத்துக் குழியில் விரிசல் விழும். ஒரு மி.மீ. மேடாக நிரப்பினால் மெஷினில் எடுக்க வசதி.

முடிந்ததும் செராமிக் கம்பளியில் சுற்றி 70 டிகிரிவரை மெதுவாக ஆறவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் உடனே டெம்பரிங் (கடினத்தை இறக்க மறுபடி சூடாக்குவது) செய்யுங்கள்: 550 டிகிரி, கட்டை முழுக்கச் சூடு பிடித்தபின் 2 மணி நேரம். பலர் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவது இதைத்தான். வளையத்தின் கடினத்தை இறக்குவதும் இதுதான்.

மோல்டு உண்மையிலேயே பி20-தானா என்று போர்ட்டபிள் கடினத்தன்மை மீட்டரில் பார்த்துவிடுங்கள். ராக்வெல் 48-க்கு மேல் காட்டினால் அது ஹெச்13 அல்லது 420 என்ற வேறு மோல்டு எஃகாக இருக்கலாம். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், 420-உம் காந்தத்தில் ஒட்டும். ஹெச்13 என்றால் ஹெச்13 ராடு, ப்ரீஹீட் 325 டிகிரிக்கு மேல். 420-க்கு 420 ராடு. மூடியில் டெக்ஸ்சர் (சொரசொரப்பு வடிவம்) இருந்தால், வெல்டு செய்த இடத்தைச் சொல்லிவிட்டே எட்சிங்குக்கு (அமிலத்தால் அந்த வடிவத்தைப் பொறிக்க) கொடுங்கள். பி20 ராடிலும் லேசான நிற வேறுபாடு வரலாம்.