விவசாய பீடம் கிடைத்த பிள்ளையின் அம்மாவுக்கு

அன்பான அம்மா,

சென்ற கிழமை மகளோடு வந்தபோது, எழும்பிப் போகும் நேரத்தில் ஒன்று கேட்டீர்கள்: "மண்ணைப் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கிறது?" நான் அவசரத்தில் சொன்ன பதில் போதாது. ஆறுதலாக எழுதுகிறேன்.

மகள் என்னிடம் கதைத்தது முழுக்க உங்கள் மேட்டுக்காணியைப் பற்றித்தான். அப்பா விதைப்புக்கு முன் மிசினைக் கொண்டு இரண்டு மூன்று தரம் உழுகிறார், உழவைக் குறைத்தால் மண்ணில் காபன் சேருமாமே, உண்மையா என்று கேட்டாள். நல்ல கேள்வி. உழும்போது மண்கட்டிகள் உடைகின்றன. உள்ளே காற்றுப் படாமல் கிடந்த சேதனப் பொருளை, அதாவது உக்கின இலை, வேர் போன்ற காபன் உள்ள மிச்சங்களை, நுண்ணங்கிகள் தின்று காபனீரொட்சைட்டாக வெளியே விடுகின்றன. விதை போடும் வரியை மட்டும் கீறி, போன பயிரின் தாளையும் சருகையும் மேலே விட்டால் இந்த இழப்புக் குறையும்.

ஆனால் விடயம் அதோடு முடியவில்லை. உழாத நிலத்தின் மேல் பத்து சென்ரிமீற்றரில் காபன் கூடுவது பல நாடுகளில் கண்ட உண்மை. 30 சென்ரிமீற்றருக்குக் கீழேயும் தோண்டிப் பார்த்தால், பல இடங்களில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. சில இடங்களில் இல்லாமலே போகிறது. கலப்பை சருகை ஆழத்தில் புதைக்கிறது, உழாத நிலம் அதை மேலே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மேலே மட்டும் அளந்தவர்கள் ஏமாந்தார்கள். அதோடு எங்கள் வன்னி வெயிலுக்கும் மாரி ஈரத்துக்கும் சருகு உக்கிப்போக எவ்வளவு நாள் எடுக்கும்? கச்சான் கொடியை மாடு தின்றுவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது என்ன? உழவு போனால் களை வருமே, களைநாசினியைக் கூட்டுவதா? தண்ணீர் நிற்கும் வயலின் கணக்கோ முற்றிலும் வேறு. இதற்கெல்லாம் வெளிநாட்டு விடையை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது.

உத்தியோகம் இருக்கும் இடம் இதுதான். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஹெக்டயர் நிலத்தில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 4200 தொன் மண். அதில் நூற்றுக்கு ஒரு வீதம் காபன் என்றால் 42 தொன். அளப்பவர் அந்த ஒரு வீதத்தை 1.1 வீதம் என்று பிழையாக எழுதினால் நாலு தொன்னுக்கு மேல் பொய்க் கணக்கு. காற்றுக்குப் போகாமல் மண்ணில் தங்கும் காபனுக்கு உலகம் காசு கொடுக்கத் தொடங்கியிருக்கும் காலத்தில், நம்பிக்கையாக அளக்கக்கூடிய ஆட்களின் தேவை கூடிக்கொண்டுதான் போகும்.

வேலை எப்படியிருக்கும் என்றும் சொல்கிறேன். குறித்த கனவளவு மண் எவ்வளவு நிறை என்று அறிய, இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, இரண்டு பக்கமும் கத்தியால் மட்டமாகச் சீவி, 105 பாகை செல்சியஸ் சூட்டில் உலர்த்தி நிறுக்க வேண்டும். பிறகு காபனின் அளவை அறிய, ஆய்வுகூடத்தில் அமிலம் சேர்த்துத் துளித்துளியாக நியமிப்பு, அதாவது நிறம் மாறும் வரை ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. ஊதா நிறம் ஒரே துளியில் பச்சையாகும். அந்தத் துளியைத் தவறவிடாத பொறுமை உங்கள் மகளிடம் இருக்கிறது. காணியில் நின்று வளர்ந்தவள், சேற்றுக்கும் வெயிலுக்கும் முகம் சுளிக்கமாட்டாள்.

உண்மையையும் சொல்லவேண்டும். பட்டம் எடுத்த கையோடு அரச நியமனம் வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். விவசாயப் போதனாசிரியர் பதவியையே நம்பி இருக்கவும் வேண்டாம். இரசாயனவியல், புள்ளிவிபரம், ஆங்கிலம் மூன்றையும் முதல் வருடத்திலிருந்தே பிடிக்கட்டும்; ஆராய்ச்சி, மேற்படிப்பு, திட்ட வேலைகள் எல்லாவற்றுக்கும் அவைதான் வழி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருப்பது உங்களுக்குப் பெரிய ஆறுதல். தம்பிக்கும் விவசாயத்தில் விருப்பமென்றால் வவுனியா விவசாயக் கல்லூரியின் டிப்ளோமாவைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

இந்தக் காலபோகத்துக்கு முன் அப்பாவிடம் காணியில் ஒரு மூலையைக் கேட்டுக் கொடுங்கள். பாதியை வழக்கம்போல உழுது, பாதியில் வரியை மட்டும் கீறி உழுந்து போடட்டும். கச்சான் வேண்டாம், காய் பிடிக்க அதன் விழுது மண்ணுக்குள் இறங்கவேண்டும், அதற்கு இளகின மண் தேவை. காபன் மாற்றம் தெரியப் பல வருடம் எடுக்கும். ஆனால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்தில் இறங்குகிறது, களை எந்தப் பக்கத்தில் கூட என்பதை அவள் மார்கழியிலேயே கொப்பியில் எழுதிவிடலாம். பதிவுப் படிவத்தோடு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.