கேள்வி – பதில்: காட்மியம் ஏறாத நெல்

கேள்வி: மரபணுவை மாற்றி, நெல்மணியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேராமல் தடுக்க முடியுமாமே? விளைச்சல் அடிபடாதா?

பதில்: முடியும். காட்மியத்துக்கென்று நெல் வேரில் தனி வழி கிடையாது. பயிருக்கு வேண்டிய சத்தான மாங்கனீசை உள்ளே இழுக்கும் ‘என்ராம்ப்5’ என்ற புரதத்தின் வழியாகத்தான் அதுவும் பெருமளவு நுழைகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை, கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் வெட்டி முடக்கினால் மணியில் காட்மியம் வெகுவாகக் குறைந்துவிடும். ஜப்பானில் 2012-லேயே கார்பன் அயனிக்கற்றை பாய்ச்சி, ‘கோஷிஹிகாரி’ ரகத்தில் இதே மரபணு பழுதான செடிகளை எடுத்துவிட்டார்கள்.

சிக்கல் நீங்கள் கேட்ட இடத்தில்தான். கதவை அடைத்தால் மாங்கனீசும் வராது. மண்ணில் அது குறைவாக இருந்தால் இலை வெளிறும், வளர்ச்சி குன்றும், விளைச்சலும் சரியும். இன்னொரு வழி, ‘எச்எம்ஏ3’ மரபணுவைத் தூண்டிவிடுவது. அது காட்மியத்தை வேர்ச்செல்லுக்குள் சேமிப்புப் பை போல இருக்கும் நுண்குமிழிக்குள்ளேயே பூட்டிவைக்கும். மாங்கனீசு வரத்தைத் தொடாது. என்னைக் கேட்டால் இதுவே மேல்.

கேள்வி: வயலில் தண்ணீர் கட்டினாலே போதாதா?

பதில்: கதிர் வரும் சமயம் முன்னும் பின்னும் 3 வாரம் தண்ணீர் நின்றால் காட்மியம் குறையும், ஆனால் ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு மணியில் ஏறும், வடித்தால் நேரெதிர். காட்மியத்தை மரபணு பார்த்துக்கொண்டால், ஆர்சனிக்கைக் குறைக்க வயலைக் காயவிடலாம்.