55-க்கும் 67-க்கும் நடுவே ஒரு ஆர்வி பார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கிறோம். எனக்கு 56, மனைவிக்கு 52. டிசம்பர் முதல் மார்ச் வரை அரிசோனாவின் மேசாவில், 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆர்வி பார்க் (வீடுபோல் தங்கும் வண்டிகளை நிறுத்தி வாழும் இடம்) ஒன்றில் தங்க எண்ணம். 2008 மாடல் மோட்டார்ஹோம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இருவருக்கும் வேலை உண்டு, அங்கிருந்தே பார்க்கலாம். 24 வயது மகனும் இரண்டு மாதம் கூட இருக்கட்டுமா என்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர், “20 வருஷம் போய் வந்தோம், ஒரு தொந்தரவும் இல்லை” என்கிறார். நம்பிக் கிளம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் வேலையை முடித்துவிட்டுப் போனவர். நீங்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். பார்க்கில் நுழைய 55 போதும். 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தின் முழுத்தொகை 67-ல்தான். புதிதாக வருகிறவர்களில் பலர் நடுவிலுள்ள அந்தப் பன்னிரண்டு வருஷக்காரர்கள். ‘புதுசா வந்தவங்க ஷஃபிள்போர்டு ஆட வர்றதில்லை’ என்று பழையவர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் இவர்கள் மீட்டிங்கில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

மனைவியின் வயது சட்டப்படி சிக்கல் இல்லை. 1995-ஆம் வருஷச் சட்டம் கேட்பது, ஆள் இருக்கும் இடங்களில் 80 சதவீதத்திலாவது 55 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருக்க வேண்டும் என்பதையே. அந்த ஒருவர் நீங்கள். மீதி 20 சதவீதத்தை இளையவர்களுக்கு விட்டே ஆகவேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மூத்தவர் இறந்து, வயது குறைந்த துணை மட்டும் மிஞ்சும் வீடுகளுக்காகப் பல பார்க்குகள் அதைக் கையிருப்பாக வைத்திருக்கின்றன. மகன் விருந்தாளிக் கணக்கில்தான் வருவான். விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பது பார்க்குக்குப் பார்க் வேறு. இரண்டு மாதம் என்றால் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டியைச் சேர்க்காத பார்க்குகளும் உண்டு. சில இடங்களில் படம் அனுப்பினால் விதிவிலக்கு தருவார்கள். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

உண்மையான இடி விழுவது கரண்டில். பழைய பார்க்குகளில் வண்டிக்கு 30 ஆம்ப் கரண்ட் மட்டுமே தரும் இடங்கள் இன்னும் நிறைய. 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். 50 ஆம்ப் இடத்தில் இரண்டு லைன் வருவதால் 12,000 வாட். பெயரில் இருபது ஆம்ப்தான் வித்தியாசம், கையில் கிடைப்பதோ மூன்று மடங்குக்கு மேல்.

மினசோட்டா அலுவலகத்தின் காலை 8 மணி, மேசாவில் 7 மணி. பாலைவனக் குளிர். 1,500 வாட் ஹீட்டர் இரண்டு ஓடுகின்றன: 25 ஆம்ப். மணிக்கணக்கில் ஓடும் சுமையை பிரேக்கர் அளவில் 80 சதவீதத்துக்குள், அதாவது 24 ஆம்புக்குள் வைக்க வேண்டும். அது ஏற்கெனவே தாண்டியாயிற்று. இப்போது காபி மெஷினைப் போட்டால் இன்னொரு 8 ஆம்ப். பிரேக்கர் விழும், மீட்டிங்கும் போகும். விழாமல் தாங்கினால் அது இன்னும் மோசம்: தளர்ந்த சாக்கெட்டில் பிளக்கின் கால் சூடேறிக் கறுத்து உருகும். 50-ஐ 30-க்கு மாற்றும் அடாப்டர் பிளக்கைப் பொருத்தும், கரண்டைக் கூட்டாது. 50 ஆம்ப் இடமாகவே கேளுங்கள். கிடைக்காவிட்டால் சூட்டுக்கு வண்டியிலிருக்கும் புரொப்பேன் ஃபர்னஸை ஓட்டுங்கள். அதன் விசிறிக்கு மட்டுமே கரண்ட் போகும். மாத வாடகை இடங்களில் பெரும்பாலும் மீட்டர் தனி என்பதால் பில்லும் இறங்கும். வோல்ட்டேஜ் 104-க்குக் கீழ் போனால் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். குறைந்த வோல்ட்டேஜில் ஏசி கம்ப்ரசர் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகிக் கெட்டுப்போகும்.

பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். பார்க்கில் கம்பி இணைப்போடு நிற்பவருக்கு அது முதல் வருஷத்துச் செலவல்ல. போட்டால், இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவே, போகும் கரண்டை அளவாக வைக்கும் டிசி-டிசி சார்ஜரும் வேண்டும். இல்லாவிட்டால் லித்தியம் இழுக்கும் இழுப்பில், இன்ஜினோடு ஓடிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். உறைநிலைக்குக் கீழ் அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. டிசம்பரில் மினசோட்டாவிலிருந்து கிளம்பும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

2008 வண்டியில் முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில், டயர் செய்த காலத்தைச் சொல்லும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3517 என்றிருந்தால் 2017-இன் 35-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமலிருந்தாலும் அதை மாற்றாமல் அரிசோனாவுக்கு ஓட்ட வேண்டாம்.