கணக்கு சரி, திரையில் மட்டும் ஏன் தவறு?

கேள்வி: கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். கணக்கு வீட்டுப்பாடம் முழுவதும் ஆன்லைனில்தான். நோட்டில் போட்ட விடை சரி என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தாலும் மென்பொருள் தவறு என்று சிவப்பு காட்டுகிறது. மூன்று வாய்ப்பும் முடிந்து மதிப்பெண் போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்களுக்குக் கணக்கு வரவில்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் மனதில் வைத்திருப்பதும் கணினி படிப்பதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை, குறிப்பாக அடைப்புக்குறி விஷயத்தில். நோட்டில் x+1 ஐ மேலே, x−1 ஐக் கீழே எழுதி நடுவில் கோடு போட்டால் யாருக்கும் குழப்பம் வராது, ஆனால் அதையே x+1/x-1 என்று தட்டினால் கணினி 1/x ஐ மட்டும்தான் பின்னமாக எடுத்துக்கொள்ளும். x=2 என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் நினைத்ததற்கு விடை 3, தட்டியதற்கு 1.5. (x+1)/(x-1) என்று தொகுதிக்கும் பகுதிக்கும் தனித்தனி அடைப்புக்குறி போட்டே ஆகவேண்டும். எதிர்மறை எண்ணை அடுக்கில் வைக்கும்போதும் இதே கதைதான்: -3^2 என்றால் −9, (-3)^2 என்றால்தான் 9.

அடுத்தது முழுதாக்கல். கணக்கின் பாதியிலேயே 2/3 ஐ 0.67 ஆக்கிவிட்டு 900 ஆல் பெருக்கினால் 603 வரும், உண்மையான விடை 600. ஆசிரியர் என்றால் வழிமுறையைப் பார்த்து மதிப்பெண் போடுவார், மென்பொருளோ பெரும்பாலும் கடைசி வரியை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் கடைசிப் படி வரை பின்னமாகவே வைத்திருங்கள், கேள்வி எத்தனை தசம இடம் கேட்கிறதோ அங்கே மட்டும் முழுதாக்குங்கள். திரிகோணமிதி என்றால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சைன் 30க்கு 0.5 வராமல் −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் என்றால், நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. வரைபடம் போட்டுக் காட்டும் டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா என்ற இரண்டு மென்பொருள்களில் எது கையில் இருந்தாலும் சரி, கேள்வியில் உள்ள கோவையை ஒரு வரியிலும் நீங்கள் சுருக்கிய விடையை அடுத்த வரியிலும் தட்டுங்கள். இரண்டு வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் உங்கள் இயற்கணிதம் சரி, பிழை தட்டிய விதத்திலோ கேட்ட வடிவத்திலோதான் இருக்கும், அதாவது காரணிப்படுத்தச் சொல்லியிருப்பார்கள், நீங்கள் விரித்து எழுதியிருப்பீர்கள். படியவில்லை என்றால் நோட்டுக்குத் திரும்புங்கள். மூன்றாவது வாய்ப்பைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். அப்போதும் மென்பொருள் மேல்தான் தவறு என்று பட்டால், கேள்வியும் நீங்கள் தட்டிய விடையும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நோட்டுப் பக்கத்தோடு ஆசிரியருக்கு அனுப்புங்கள். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் வெறும் ‘ஏழாவது கணக்கு’ என்று எழுதினால் அவருக்கு எதுவும் புரியாது.

கேள்வி: பயிற்சியில் எல்லாமே பச்சை. எழுத்துத் தேர்வில் பாதிகூட வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: பச்சை வந்த கணக்குகளில் எத்தனையை ஹிண்ட் பார்க்காமல் போட்டீர்கள்? ஹிண்ட் திறந்து, அதில் இருக்கும் மாதிரிக் கணக்கின் எண்களை மட்டும் மாற்றிப் போட்டால் பச்சை வரும், ஆனால் அங்கே உங்கள் வேலை எண்களை மாற்றியது மட்டும்தான். கேமராவைக் காட்டினால் படிப்படியாகப் போட்டுத் தரும் ஃபோட்டோமேத் மாதிரி ஆப்களும் அப்படித்தான். பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் நோட்டில் தேதி போட்டு முழுக் கணக்கையும் எழுதிப் பாருங்கள், சிக்கிய வரியில் ஒரு கோடு போடுங்கள், அந்த ஒரு வரிக்கு மட்டும் ஹிண்ட் பாருங்கள், அப்புறம் அதை மூடிவிட்டு அதே வகைக் கணக்கை மறுநாள் வெறும் தாளில் போடுங்கள். அந்தத் தாளில் வந்ததை மட்டும் தெரிந்த கணக்காக எண்ணுங்கள். கோடு போட்ட வரிகளை வாரம் ஒருமுறை புரட்டினால் நீங்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறீர்கள் என்பது தெரியும், பலருக்கு அது பின்னத்திலோ குறி மாற்றத்திலோ இருக்கிறது.

கேள்வி: என் மகள் அலெக்ஸ் (ALEKS) என்ற ஆன்லைன் மென்பொருளில் கணக்கு படிக்கிறாள். கஷ்டப்பட்டு முடித்த பாடங்களை ஒரு தேர்வுக்குப் பிறகு மென்பொருள் திரும்பப் பறித்துக்கொண்டது. அழுதுவிட்டாள்.

பதில்: பாவம், அழுகை வரத்தான் செய்யும். ஆனால் அது கோளாறு இல்லை, அந்த மென்பொருள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவானது அது. டுவான்யோன், ஃபால்மாஞ் என்ற இருவர் 1985இல் முன்வைத்த ஒரு கோட்பாடு அதன் அடிப்படை: எந்தப் பாடம் தெரிந்தால் எதெது தெரிந்திருக்கும் என்று கணித்து, சில கேள்விகளை வைத்தே மாணவர் நிற்கும் இடத்தை மதிப்பிடுவது. இடையிடையே வரும் சோதனையில் கவனக்குறைவாக ஒன்றைத் தவறவிட்டால்கூட அதைச் சார்ந்த பாடங்களும் பட்டியலில் திரும்பி வந்து நிற்கலாம். மறந்துபோவதும் இயல்புதான், 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்று அளந்து எழுதிவிட்டார்.

சோதனை அன்று அவளைக் களைப்போடு உட்கார வைக்காதீர்கள், பக்கத்தில் இருந்து விடை சொல்லியும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன விடையை நம்பி அது இன்னும் கடினமான பாடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். தெரியாத கேள்வி வந்தால் ஊகிக்காமல், இன்னும் படிக்கவில்லை என்ற பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். திரும்பி வந்த பாடங்கள் இரண்டாம் முறை பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடும், இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தேர்வு நடுவில் இணையம் போய்விட்டால்?

பதில்: பக்கத்தைப் புதுப்பிக்கும் முன் திரையைப் படம் எடுங்கள், நேரத்தோடு. விடைகள் ஏற்கெனவே தாளில் இருந்தால் திரும்பத் தட்ட ஐந்து நிமிடம் போதும். கெடு நேரம் எந்த நாட்டு மணிக்கணக்கில் காட்டப்படுகிறது என்பதையும் அமைப்புகளில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.