மாதத்தைச் சொல்லுங்கள், தட்டைச் சொல்கிறேன்

கேள்வி: அடுத்த வருடம் குடும்பத்தோடு லக்ஸம்பர்க் போகிறோம். 'அந்த நாட்டுக்கென்று தனிச் சமையல் கிடையாது. பிரெஞ்சுக்காரர் ருசி, ஜெர்மன்காரர் அளவு, அவ்வளவுதான்' என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். உண்மையா? தவறவிடக் கூடாத பத்து உணவுகளைப் பட்டியல் போட்டுத் தருவீர்களா? நானும் கணவரும் எல்லாம் சாப்பிடுவோம். மாமியார் சுத்த சைவம். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: பட்டியல் தர மாட்டேன். எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே அம்மா! அது தெரியாமல் பத்து பெயரைச் சொல்லி என்ன பயன்? லக்ஸம்பர்க்காரர்களின் சாப்பாடு காலண்டரைப் பார்த்து நடக்கிறது. செப்டம்பரில் தெருவெல்லாம் மணப்பதை மார்ச்சில் போய்க் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

'பிரெஞ்சு ருசி, ஜெர்மன் அளவு' என்பது சுற்றுலாக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த வரி. அந்த நாட்டின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். தலைக்கு வருமானக் கணக்கில் இன்று உலகின் முன்வரிசை. ஆனால் அவர்களுடைய சமையல் இந்தப் பணத்துக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பும் எஃகும் கைகொடுக்கும்வரை, பிழைக்க வழி தேடிப் பல்லாயிரம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஏழை விவசாய நாடு அது. தோட்டத்து பீன்ஸ், வயல் உருளைக்கிழங்கு, கொல்லையில் வளர்த்த பன்றி: இவற்றை வைத்தே குளிர்காலத்தைத் தள்ளிய குடியானவர்களின் சமையல். வங்கிக்காரர்கள் விருந்து வைக்கும் ஓட்டலில் போய் அதைத் தேடினால் பிரெஞ்சுச் சமையல்தான் அகப்படும். அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து 'தனியாக ஒன்றுமில்லை' என்று எழுதுகிறார்கள்.

ஜூன், ஜூலையில் போவதாக இருந்தால் 'யுட் மாட் கார்டபோனென்'. இதைத்தான் தேசிய உணவு என்கிறார்கள். பன்றியின் கழுத்துப் பக்கத்து இறைச்சியை உப்பில் ஊறப்போட்டு, புகையில் காட்டி வைத்திருப்பார்கள். சமைப்பதற்கு முதல்நாள் இரவே, நாம் கருவாட்டை ஊறவைப்பதுபோல, தண்ணீரில் போட்டு உப்பைக் கழிப்பார்கள். பிறகு காரட், லீக், பிரிஞ்சி இலை, கிராம்போடு சின்னத் தீயில் வெகுநேரம் வேகும். விரல் தடிமனுக்கு வெட்டிய அந்தத் துண்டுகளுக்குப் பக்கத்தில் ஃபாவா பீன்ஸ் கொட்டைகள். கொழுப்பில் மாவை வறுத்து, இறைச்சி வெந்த நீரை ஊற்றிக் கெட்டியாக்கிய குழம்பில் அவை கிடக்கும். சேவரி என்றொரு மூலிகை போடுவார்கள். அது இல்லாமல் அந்த பீன்ஸை எந்த வீட்டிலும் செய்ய மாட்டார்கள். கூடவே உருளைக்கிழங்கு. பார்வைக்குச் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், படம் எடுத்துப் போட லாயக்கில்லை. காரம் கிடையாது. புகை, உப்பு, பீன்ஸின் லேசான கசப்பு, அவ்வளவுதான். ஊறுகாய் பாட்டிலைத் திறக்காமல் முதல் நாலு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். கையிருப்பு பீன்ஸை வைத்து மற்ற மாதங்களிலும் சமைப்பார்கள். செடியில் காய்க்கும் காலத்து ருசி அதில் வராது.

என்னைக் கேட்டால், போகவேண்டியது ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பருக்குள். தலைநகரில் க்ளாசி மைதானத்தில் அப்போது 'ஷூபர்ஃபோவர்' திருவிழா. லக்ஸம்பர்க் பிரபுவும் (கவுண்ட்) பொஹீமிய அரசனுமான 'குருட்டு' ஜான் 1340இல் தொடங்கிவைத்த சந்தை இது. அன்று துணியும் கால்நடையும் விற்றார்கள். இன்று ராட்டினமும் வறுவல் கடையும். அங்கே 'க்ரொம்பரகிஷெல்ஷர்' போடும் கடையில் வரிசையில் நில்லுங்கள். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, தண்ணீரைப் பிழிந்து, வெங்காயம், பார்ஸ்லி, முட்டை, கொஞ்சம் மாவு, உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்து, கொதிக்கும் எண்ணெயில் தட்டையாகப் போட்டு எடுப்பார்கள். ஓரத்தில் துருவல் நூல் நூலாக நீட்டிக்கொண்டு மொறுமொறுவென்று இருக்கும். நடுவில் மெத்தென்று இருக்கும். தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். உப்புப் பண்டத்துக்கு இனிப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம், பொருந்துகிறது. ஆறினால் எண்ணெய்தான் நாக்கில் நிற்கும், நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பக்கத்துக் கடையில் 'ஃபோவர்ஃபெஷ்', அதாவது முழுசாகப் பொரித்த வைட்டிங் மீன். கடலே இல்லாத நாட்டின் திருவிழா மீன் கடலிலிருந்து வருகிறது! அதைக் கேலி செய்தால் அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அதே பருவத்தில்தான் நீல உறை போட்ட க்வெட்ஷ் பிளம் பழுக்கும். பழத்தைக் கீறி விரித்து, ஈஸ்ட் மாவின்மேல் நெருக்கமாக அடுக்கிச் சுடுவது 'க்வெட்ஷன்டார்ட்'. 'போனஷ்லுப்' என்ற பச்சை பீன்ஸ் சூப்போடு இந்த இனிப்புத் துண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு வாய் அது, ஒரு வாய் இது என்று சாப்பிடுவார்கள். ஓட்டல்களில் இரண்டையும் முன்னும் பின்னுமாகத் தருவார்கள். ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்கத் தெரிந்தவர் என்ற மரியாதை கிடைக்கும்.

குளிர்காலத்துக்கு 'ட்ரைபன்' என்ற இரத்த சாசேஜ். கிறிஸ்துமஸ் முந்தின இரவில் பல வீடுகளில் அதுதான், மறுபடி ஆப்பிள் மசியலோடு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் நாலாவது ஞாயிறன்று பையன்கள் தங்களுக்குப் பிடித்த பெண்ணுக்குச் சர்க்கரைப் பாகு பூசிய பிரெட்செல் (முடிச்சுப்போல முறுக்கிச் சுட்ட ரொட்டி) தருவார்கள். அவளுக்கும் சம்மதமென்றால் ஈஸ்டர் அன்று முட்டை திரும்பி வரும். லீப் வருடத்தில் பெண் தருவாள், முட்டைக்குக் காத்திருப்பது பையனின் பாடு.

குடிப்பதற்கு வருவோம். பொஃபர்டிங், டீகிர்ஷ் என்று பியர்கள் உண்டு. தாகம் தீரும், அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. விஷயம் மோசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரப்போகிறார்களே ஷெங்கன் விசா, அந்த ஷெங்கன் அங்கே ஒரு திராட்சைக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் ஒரு படகில் வைத்துத்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கிருந்து வாசர்பிலிக் வரை சுமார் 42 கிலோமீட்டருக்குக் கரைச் சரிவெல்லாம் திராட்சை. முதல் உலகப்போர் வரை இங்கே எல்ப்லிங் என்ற புளிப்புத் திராட்சைதான் அதிகம். அந்த ஒயினை ஜெர்மன் வியாபாரிகள் பீப்பாய் பீப்பாயாக வாங்கிப் போய்த் தங்கள் சரக்கில் கலந்துகொண்டார்கள், லக்ஸம்பர்க் பெயர் எந்த பாட்டிலிலும் ஏறவில்லை. போர் முடிந்து ஜெர்மன் சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் அந்தச் சந்தை போயிற்று. விழுந்த அடியில்தான் எழுந்தார்கள். ரெமிஷ் ஊரில் ஒயின் ஆய்வு நிலையம் வைத்தார்கள், ரீஸ்லிங், ஓக்ஸெர்வா என்று தரமான கொடிகளை நட்டார்கள், 1935இல் தேசிய முத்திரை கொண்டுவந்தார்கள். 1991 முதல் 'க்ரெமான் த லக்ஸம்பர்க்' என்ற பெயரில் நுரைக்கும் ஒயின் வருகிறது. ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை புளிக்கவைக்கிறார்கள், விலை அதைவிடக் குறைவுதான். கணவர் ஷாம்பெயின் கேட்டு அடம்பிடித்தால் இதை வாங்கிக் கொடுங்கள். 2020 மார்ச் முதல் நாடு முழுக்க பஸ், ட்ராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாமே இலவசம். அதனால் குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதற்குச் சாக்கே இல்லை. கரையோர உணவகங்களில் பொடிமீன் வறுவல் தருவார்கள். முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் சாப்பிடுவதுதான் அங்கே முறை. இந்த ஒரு விஷயத்தில் நமக்குப் பயிற்சி தேவையில்லை.

அக்டோபரில் வியாண்டன் ஊரில் வால்நட் சந்தை. பச்சைக் காயைச் சாராயத்தில் ஊறவைத்த கறுப்பு மதுவைச் சின்னக் குவளையில் தருவார்கள். எனக்கு அது இருமல் மருந்துதான். ரசிப்பவர்கள் உண்டு.

இன்னொன்று. நாட்டில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் போர்ச்சுகல் குடியுரிமை உள்ளவர். தென்பகுதிச் சுரங்க ஊர்களில் அவர்களுக்கு முன்பே இத்தாலியர்கள் வந்துவிட்டார்கள். எஷ் நகரில் நீங்கள் சாப்பிடும் உப்புக்கண்ட மீனும் பாஸ்தாவும் அந்த ஊர்க்காரரின் அன்றாடச் சாப்பாடுதான். 'இது பாரம்பரியம் இல்லையே' என்று தட்டை ஒதுக்காதீர்கள்.

இனி மாமியார். 'கஹ்கெய்ஸ்' என்று ஒரு பாலாடைக்கட்டிக் குழைவு இருக்கிறது. பசைபோல இழுபடும், வாடையும் உண்டு. ரொட்டியில் வெண்ணெய், அதன்மேல் இது, அதற்கும் மேலே கடுகு விழுது. பழகிவிட்டால் காலைச் சாப்பாட்டுக்கு அதுவே போதும். உருளைக்கிழங்கு அப்பத்தில் முட்டை இருக்கிறது, பிளம் பண்டத்தின் மாவிலும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 'க்னிடலன்' என்ற மாவு உருண்டைகளிலும் முட்டை உண்டு. அதன் மேலே பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவித்தான் மேசைக்கு வரும். 'சைவம்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பீன்ஸ் சூப்பில் மிதக்கும் நாலு கொழுப்புத் துண்டைத் தாளிப்பு என்று நினைக்கும் சமையல்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். 'ஷ்பெக் (பன்றிக் கொழுப்பு) வேண்டாம், இறைச்சி வேகவைத்த நீரும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்' என்று மூன்றையும் தனித்தனியே சொல்லி, தலையாட்டிய பிறகு ஆர்டர் கொடுங்கள்.