மரில்லியன்: ஒரே குழுவில் இரண்டு குரலா?

மரில்லியன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இரண்டு குரலுமே அசல்தான், பாடகர்தான் மாறினார். பழைய பாடகர் ஃபிஷ் 1988-ல் விலகினார். 1989 ஆல்பத்திலிருந்து ஸ்டீவ் ஹோகார்த் பாடுகிறார். மன்னார்குடி நண்பர் தந்த பென்டிரைவில் பாட்டுக்குப் பாட்டு குரல் மாறுகிறது, எது போலி என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் இரண்டு காலத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருப்பார், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க:

1. ஆல்பம் ஆண்டைப் பாருங்கள். 1983 முதல் 1987 வரை வந்த நான்கு ஸ்டூடியோ ஆல்பங்களில் ஃபிஷ்.

2. அப்புறம் குரலை விட்டுவிட்டு கிதாரை மட்டும் கேளுங்கள். ஸ்டீவ் ரோதரி அவசரப்படாமல் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பாட வைப்பார். அது இரண்டிலும் ஒன்றுதான். நாயனக்காரர் மாறினாலும் தவில் பழைய ஆள் என்றால் செட்டு அடையாளம் தெரிந்துவிடும் இல்லையா, அது மாதிரி.

மேடைப் பதிவு என்றால் ஆண்டை நம்ப வேண்டாம். ஃபிஷ் காலத்துப் பாட்டுகளை ஹோகார்த்தும் மேடையில் பாடியிருக்கிறார்.

பெரிய கம்பெனியைச் சாராத சுயாதீனக் குழுவா என்றால், ஆரம்பத்தில் இல்லை. 1995 வரை ஈஎம்ஐ என்ற பெரிய இசைக் கம்பெனியில் இருந்தார்கள். 1997-ல் அமெரிக்கா போய் வாசிக்கக் காசில்லை என்றதும் ரசிகர்களே சுமார் 60,000 டாலர் திரட்டினார்கள். 2001 ஆல்பத்துக்கு 12,000-க்கும் அதிகமானோர் பதிவுக்கு முன்பே பணம் கட்டிவிட்டார்கள். நம் பக்கத்தில் தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழாவுக்கு மேளம் வைக்கிற கதைதான்.

எனக்கு ஹோகார்த் காலம்தான் பிடிக்கும். உங்கள் நண்பர் சண்டைக்கு வரலாம்.