ரிமெம்பரும் ரிமைண்டும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை எனக்கு நினைவூட்டும்படி மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'ப்ளீஸ் ரிமெம்பர் மீ அபௌட் த மீட்டிங்' என்று எழுதிவிட்டேன். அவர் 'ரிமைண்ட்' என்று திருத்தினார். ஆனால் சில நாள் கழித்து அவரே ஒரு கடிதத்தின் முடிவில் 'ரிமெம்பர் மீ டு யுவர் மதர்' என்று எழுதியிருந்தார். அது மட்டும் எப்படிச் சரியாகும்? ரிமெம்பருக்குப் பின் 'டு' எப்போது வரும், 'இங்' எப்போது வரும் என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மேலாளர் திருத்தியதும் சரி, பிறகு அவர் எழுதியதும் சரி. இன்றைய ஆங்கிலத்தில் யாருடைய மனத்தில் நினைவு இருக்கிறதோ அவர் ரிமெம்பருக்கு எழுவாய். பிறர் மனத்தில் அதை எழுப்புகிறவர் ரிமைண்டுக்கு எழுவாய். நாம் 'ஞாபகம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஞாபகம் இருக்கிறது, ஞாபகம் வந்தது, ஞாபகம் வைத்துக்கொள், ஞாபகப்படுத்து என்று துணைவினையை மட்டும் மாற்றிக் காரியத்தை முடித்துக்கொள்கிறோம். இவற்றில் முதல் மூன்றையும் ரிமெம்பர் ஒன்றே சுமக்கிறது. அதே பழக்கத்தில் நான்காவதையும் அதன் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களும் அப்படித்தான் ஏற்றினார்கள். 1611 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'தி டெம்பஸ்ட்' நாடகத்தின் முதல் அங்கம் இரண்டாம் காட்சியில், விடுதலை தருவதாகச் சொன்ன வாக்கைத் தன் எஜமானர் பிராஸ்பெரோவுக்கு நினைவூட்டும் ஏரியல் என்ற ஆவி, 'லெட் மீ ரிமெம்பர் தீ வாட் தௌ ஹாஸ்ட் பிராமிஸ்ட்' என்கிறது. உங்கள் மின்னஞ்சலில் ரிமெம்பர் எந்தப் பொருளில் வந்ததோ அதே பொருள்தான் இங்கும். ரிமைண்ட் என்ற வினை அந்த நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்து இந்த வேலையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஆயினும் 'ரிமெம்பர் மீ டு யுவர் மதர்' என்ற தொடரில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. நாம் 'அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்கிறோமே, அதுதான் இது. இன்று சற்றுப் பழைய வாடை வீசும் தொடர் என்பதால், படித்துப் புரிந்துகொண்டால் போதும். நீங்கள் எழுத வேண்டிய கட்டாயமில்லை.

இடையில் ஒன்று. 'மெம்பர்' என்றால் உறுப்பு, ஆகவே ரிமெம்பர் என்றால் சிதறிய உறுப்புகளை மீண்டும் சேர்ப்பது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சொற்பிறப்பு அதுவல்ல. மனத்தில் கொண்டிருத்தலைக் குறிக்கும் 'மெமோர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது ரிமெம்பர். உறுப்பைக் குறிக்கும் 'மெம்ப்ரும்' வேறு சொல்.

இனி 'டு', 'இங்'. எது முதலில் நடந்தது என்று மட்டும் பாருங்கள். நினைவு முதலில் வந்து செயல் பின்னால் நடந்தால் 'டு'. செயல் முதலில் நடந்து நினைவு பின்னால் வந்தால் 'இங்'. 'ரிமெம்பர் டு கால் மீ' என்பதற்கு 'என்னை அழைக்க நினைவுகொள்' என்று சொல்லுக்குச் சொல் எழுதுவதைவிட 'மறக்காமல் கூப்பிடு' என்பதே நம் வழக்கு. 'ஐ ரிமெம்பர் காலிங் யூ' என்றால் 'உங்களைக் கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது'.

எதிர்மறையில்தான் வேறுபாடு முழுதாகத் தெரியும். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு இது பயன்படும். 'ஐ டிட்நாட் ரிமெம்பர் டு பே த பில்' என்று எழுதினால் பணம் கட்டப்படவில்லை, அதற்கு நீங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதாகிறது. 'ஐ டோன்ட் ரிமெம்பர் பேயிங் த பில்' என்றால், கட்டியிருக்கலாம், கட்டாமலும் இருந்திருக்கலாம், கட்டியதாக நினைவில்லை என்பது மட்டுமே பொருள். முதல் வாக்கியத்துக்குத் தாமதக் கட்டணம் கேட்பார்கள். இரண்டாவதற்கு ரசீதைத் தேடச் சொல்வார்கள். 'டு' வரும்போது உடன்பாட்டில் செயல் நடந்தது உறுதி, எதிர்மறையில் நடக்காதது உறுதி என்ற இந்த இயல்பை மொழியியலாளர் லௌரி கார்ட்டுனென் 1971இல் ஒரு கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். 'மேனேஜ்' போன்ற வினைகளும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ரீகால், ரெகலெக்ட் இரண்டும் முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதைக் குறிப்பவை. அவை நடந்து முடிந்ததை நோக்கி மட்டுமே திரும்பும். 'மறக்காமல் செய்' என்று சொல்ல அவற்றால் ஆகாது. நம்மூரில் அடிக்கடி காதில் விழும் 'ஐ ஆம் நாட் ரிமெம்பரிங் ஹிஸ் நேம்' என்பதை அலுவலகக் கடிதத்தில் தவிர்த்து 'ஐ டோன்ட் ரிமெம்பர்' என்று எழுதுங்கள்.

ரிமைண்டுக்கும் ஒரு சிறு கவனம் வேண்டும். கூட்டத்தை நினைவூட்டச் சொல்ல 'ரிமைண்ட் மீ அபௌட்', ஒரு செயலைச் செய்ய நினைவூட்டச் சொல்ல 'ரிமைண்ட் மீ டு'. 'ரிமைண்ட்ஸ் மீ ஆஃப்' பெரும்பாலும் சாயலுக்கு வருவது: மேலாளரைப் பார்த்தால் உங்கள் தாய்மாமன் ஞாபகம் வருகிறது என்றால், அதை எழுத 'ஆஃப்' போட வேண்டும்.